கை மாறிய தெர்மாமீட்டரும் கையிலிருக்கும் செல்போனும்

எங்கள் காலனியில் ஓர் ஆயா இருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயது. இளமையில் செங்கல் சூளை, பிறகு சித்தாள் வேலை, இப்போது வேப்பம்பட்டு ரயிலடிப் பக்கத்துக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்குகிறார். சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை தீர்ந்துபோன ஒரு நாள், பேத்தியின் செல்போனில் வீடியோ வழியாக ஒரு டாக்டரிடம் பேசினார். டாக்டர் "சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்தார். மாத்திரை பெயரைக் கேட்டார், சீட்டு அனுப்பினார். மொத்தம் நான்கு நிமிடம். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். "என்னை நீங்க, வாங்கன்னு பேசினாருப்பா அந்த டாக்டரு" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அவருடைய இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டரிடம் பேசிய அன்றே விரலுக்கு அடியில் புண் இருந்திருக்கிறது. உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் வலி தெரியவில்லை. வலிக்காததால் அவர் சொல்லவில்லை. செல்போன் முகத்தைத்தான் காட்டியது, காலைக் காட்டவில்லை. "டாக்டரு தப்பா பேசல. நல்லாத்தான் பேசினாரு. ஆனா காலை யாருமே பாக்கல" என்றார் ஆயா.

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தொலைமருத்துவத்தைப் பற்றி நாங்கள் பேச விரும்புகிறோம். "நல்லாத்தான் பேசினாரு" என்பதும் உண்மை. "காலை யாருமே பாக்கல" என்பதும் உண்மை.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டாம் நாள் உடம்புக்கு முடியாமல் போகிறது. மூச்சு விடச் சிரமப்படுகிறார், விலா வலிக்கிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் வருகிறார். அதுவும் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பிள்ளை பெற்ற பெண்ணைப் பச்சைக் குழந்தையோடு வெளியே கூட்டி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்த டாக்டர் நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போய் மருந்து அனுப்புகிறார். அதன் பிறகு வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

நோயைக் கண்டுபிடிப்பதில் அந்த டாக்டர் தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். மருந்தும் அனுப்பினார். நாடி பிடிக்கவில்லை, நெஞ்சில் காது வைத்துக் கேட்கவில்லை, மறுபடி வரவில்லை. தொடாமல் வைத்தியம் பார்ப்பது நம் மக்களுக்குப் புதிய தொழில்நுட்பம் இல்லை. அது நம் தாத்தா பாட்டிகளுக்கு நடந்ததுதான். ஆகவே "இனி டாக்டர் உங்களைத் தொட வேண்டியதே இல்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மற்றவர்களுக்குக் கேட்பதுபோல நமக்கு அது கேட்பதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவோரும் உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வை வைத்து 2006இல் வெளிவந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போவதில்லை என்று பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வும் இதையேதான் சொன்னது. மருந்து கொடுக்கும்போது தொடாமல் கொடுப்பதும், மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே பேசுவதும் அந்தக் குழந்தைகளின் அனுபவம். தமிழ்நாட்டில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை என்று சொல்லலாம். ஆனால் "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனி மாறுவதை நம்மில் பார்க்காதவர்கள் யார்?

இதனால் நாங்கள் தொலைமருத்துவத்துக்கு எதிரிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதன் பயனை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

வேப்பம்பட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் இரண்டு திசைதான். கிழக்கே மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி எதிரே உள்ள ஜி.எச். மேற்கே மூன்றாவது நிலையமான திருவள்ளூரில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி வேனில் போகிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு என்பது வெறும் ஒரு நாள் சம்பளம் மட்டுமில்லை. அடுத்த நாள் அந்த வேனில் இடமிருக்குமா என்பதும்தான். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கவும் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டவும் ஒருவர் ஒரு நாளை இழக்க வேண்டியதில்லை. செல்போனில் நான்கு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு நான்கு மணி நேரம் வரிசையில் நிற்கச் சொல்வது எந்தச் சமூக நீதி?

2020 மார்ச்சில் மின்சார ரயில் நின்றபோது எங்கள் பகுதி பட்ட பாடு மறக்காது. ஜி.எச்.சில் மாதாமாதம் மாத்திரை வாங்கிய இதய நோயாளிகள், வலிப்பு நோயாளிகள் எல்லாரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மார்ச் 25ஆம் தேதிதான் ஒன்றிய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. தொடங்கிய சில மாதங்களில் அதை அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது.

அதற்கு இருபது வருடம் முன்பே இந்தக் கதை நம் பக்கத்து மாவட்டத்தில் ஆரம்பித்துவிட்டது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா, அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். அங்கே அமைத்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். பிறகு இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்புகளைப் பல மருத்துவமனைகளுக்குத் தந்தது. ஆக, தொழில்நுட்பம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. யாரை நினைத்து அது அமைக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் செல்போன். இ-சஞ்சீவனியில் பதிவு செய்ய செல்போன் எண் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும். பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும். டாக்டர் இருக்கும் நேரத்தில் போன் வீட்டில் இருக்காது. போன் வீட்டுக்கு வரும் நேரத்தில் டாக்டர் இருக்கமாட்டார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. எங்கள் ஆயாவைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

போன் இருந்தாலும் தனிமை இல்லை. ஒற்றை அறை வீட்டில் மாமனார் உட்கார்ந்திருக்க, கணவனின் போனில், வெள்ளைப்படுதல் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவார்? 'டெலிமானஸ்' என்ற 14416 எண் 2022 அக்டோபரில் வந்தது. மனநலத்துக்கு அது அருமையான ஏற்பாடு. தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, மனநல மருத்துவமனை வாசலில் நிற்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த அழைப்பைச் செய்வதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டுமே.

அடுத்தது வேலை தரும் நோய். திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். சூளை, அரிசி ஆலை, உருக்காலை, பாய்லர், சாக்கடை எனத் தூசும் சூடும் நாற்றமும் உள்ள வேலைகளில் நம் மக்களும் இருளர் மக்களும் வடமாநிலத் தொழிலாளர்களும்தான் நிற்கிறார்கள். நாள்பட்ட இருமல் என்று போனில் சொன்னால், சளி மருந்து எழுதித் தருவது எளிது. அது காசநோயா, மணல் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸா என்பதை எக்ஸ்ரே எடுக்காமல் சொல்ல முடியாது. "என்ன வேலை செய்யறீங்க, எத்தனை வருஷமா?" என்று கேட்காத டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வராது. நோய் வேலையால் வந்தது என்று ஒரு டாக்டர் எழுதினால்தான் இ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கேட்க முடியும். காண்ட்ராக்டர் பெயரே பதியாத தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது என்பது வேறு கொடுமை. நான்கு நிமிட அழைப்பில் இருமல் மட்டும் நிற்கலாம். இருமலுக்குக் காரணமான முதலாளி தப்பித்துவிடுவார்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கொத்தடிமைகளாக வைக்கப்பட்டு மீட்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. கர்ப்பிணிப் பெண் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் அவர் பேசுவது நர்சுக்குப் புரியாது, நர்சு சொல்வது அவருக்குப் புரியாது. சூளை மேஸ்திரிதான் மொழிபெயர்ப்பார். மேஸ்திரி முன்னால் அவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார்? ஒடியா பேசும் ஒரு டாக்டரைத் திரையில் கொண்டுவந்து, மேஸ்திரியை வெளியே நிற்கச் சொன்னால் போதும். இதை வேறு எந்த வழியிலும் நாளைக்கே செய்ய முடியாது. தொலைமருத்துவம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆயா சொன்ன "நீங்க, வாங்க" என்பதையும் சின்ன விஷயமாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டருக்கு நம் தெரு தெரியாது. முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு அவர் எதையாவது ஊகிக்கலாம். இருந்தாலும் ஊர், காலனி என்று பிரித்துப் பார்க்கிற உள்ளூர்ப் பழக்கம் அவரிடம் அவ்வளவு இருக்காது. அறுபது வயதில் ஒரு டாக்டர் வாயிலிருந்து மரியாதையைக் கேட்ட ஒரு பெண்ணின் சந்தோஷத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. அந்த மரியாதை நேரில் கிடைக்காமல் திரையில் மட்டும் கிடைக்கிறதே என்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

அப்படியானால் மரியாதையும் வேண்டும், காலைப் பார்க்கிற கண்ணும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க முடியுமா? முடியும். தமிழ்நாட்டிலேயே அது நடக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. இன்று நூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே கண் டாக்டர் இல்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு பெண் இருக்கிறார். அவர் நோயாளியை உட்கார வைத்து, கருவி வழியாகக் கண்ணைப் பார்த்து, படமெடுத்து அனுப்புகிறார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் பேசுகிறார். நோயாளி தன் செல்போனோடு தனியாக விடப்படவில்லை. இந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு படிப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வைத்தியம்.

அந்தக் கை அரசிடமும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. இந்தப் பெண்கள் காலனிக்குள் வருகிறார்கள், திண்ணையில் உட்காருகிறார்கள், கையைப் பிடித்து அளவெடுக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, ஆயாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் திருப்பிப் பார்த்து, சந்தேகமிருந்தால் அங்கேயே டாக்டரைத் திரையில் அழைக்கச் செய்திருந்தால் அந்த விரல் இன்று இருந்திருக்கும். அந்தப் பெண்களுக்குக் கிடைப்பதோ சம்பளம் என்ற பெயர்கூட இல்லாத ஊக்கத்தொகை. செயலிக்குச் செலவழிக்கக் காசு இருக்கும்போது, காலைத் திருப்பிப் பார்க்கும் கைக்கு மட்டும் காசு இல்லையா?

வெளிநாட்டுப் பாடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 2016 முதல் 'பேபில்' என்ற சேவை நடந்தது. லண்டனைச் சேர்ந்த பேபிலான் என்ற தனியார் நிறுவனம் நடத்தியது. சாதாரண பட்டன் போனிலும் டாக்டரிடம் பேசலாம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்திருந்தார்கள். உலகமே பாராட்டியது. 2023இல் தாய் நிறுவனம் திவாலானது, ருவாண்டா சேவையும் நின்றுபோனது. ஏழைகளின் வைத்தியத்தைப் பங்குச்சந்தையில் கட்டிவைத்தால் அது அறுந்து விழும்போது ஏழைகள்தான் கீழே நிற்பார்கள். ஆகவே தொலைமருத்துவம் அரசின் கையில், அரசு டாக்டர்களைக் கொண்டு, அரசு மருந்தகத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும். சீட்டு வந்தும் மாத்திரை வாங்கக் காசு இல்லை என்றால் அந்தச் சீட்டால் என்ன பயன்?

எங்கள் பெரிய பயம் வேறொன்று. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசே வகுத்த கணக்கு. நாளை ஒரு காலனியில் துணை நிலையம் கேட்டுப் போனால், "அதான் செல்போன்ல டாக்டர் இருக்காரே" என்று பதில் வரலாம். டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால் "ஆன்லைன்ல பாத்துக்கலாம்" என்று நிரப்பாமல் விடலாம். வசதி உள்ளவர்களுக்கு நேரில் டாக்டர், சேரிக்குத் திரையில் டாக்டர் என்று ஆகிவிட்டால், கத்தியவாரில் சேரிக்கு வெளியே நின்ற அந்த டாக்டர் மறுபடி வந்துவிட்டார் என்று பொருள். இந்த முறை அவர் ஊர் எல்லையில் நிற்கமாட்டார், இன்னும் தூரத்தில் இருப்பார்.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 5ஆவது பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரை மருத்துவமனைக்குள் விட மறுப்பதைக் குற்றம் என்கிறது. உள்ளே விட்ட பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. வாசலை நினைத்து எழுதிய சட்டம் அது. வாசலே இல்லாத மருத்துவமனையில் பாகுபாடு எப்படி நடக்கும், அதை யாரிடம் முறையிடுவது என்பதை இனி நாம்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். துணை நிலையங்களில் நர்சு பக்கத்தில் இருந்து டாக்டரைத் திரையில் அழைக்கும் முறையே முதன்மையாக இருக்கட்டும். செல்போன் அழைப்பு அதற்குத் துணையாக இருக்கட்டும். வேலை விட்டு வருபவர்களுக்காக இரவு ஒன்பது மணி வரை டாக்டர் இருக்கட்டும். சூளைகளுக்கு ஒடியா, இந்தி, தெலுங்கு பேசும் டாக்டர்கள் கிடைக்கட்டும். ஒவ்வொரு அழைப்பிலும் "என்ன வேலை?" என்ற கேள்வி கட்டாயமாகட்டும். நேரில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், எங்கே, எந்த நாள், யாரிடம் என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும். காலி இடங்களை நிரப்பாமல் இருப்பதற்குத் தொலைமருத்துவத்தைக் காரணம் காட்டக்கூடாது என்று அரசாணையே வரட்டும்.

ஆயா இப்போது நொண்டி நொண்டி வேலைக்குப் போகிறார். மாதாமாதம் செல்போனில் டாக்டரிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஒரே ஒரு மாற்றம். டாக்டர் கேட்காவிட்டாலும், பேத்தியிடம் போனைக் கொடுத்து இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்கிறார். "பாருங்க சார், நல்லாப் பாருங்க" என்கிறார். நாம் எல்லோரும் சேர்ந்து அரசிடம் சொல்ல வேண்டியதும் அதுதான்.

ஜெய் பீம்.